நிற்கிற இன்ஜினுக்கு எதற்குக் கரண்ட்? மாடல் ரயில் கேள்வி-பதில்

போன இரண்டு மாதமாக வந்த கேள்விகளைப் பிரித்து வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் சைடிங், அதாவது இன்ஜினை ஓரமாக நிறுத்தி வைக்கும் கிளைத் தடம், பற்றியவை. ஓடுகிற ரயிலைவிட ஓரமாக நிற்கிற ரயில்தான் ஆட்களை அதிகம் படுத்துகிறது. காரைக்குடியைச் சுற்றி இத்தனை வீடுகளில் லேஅவுட் (மாடல் ரயில் தட அமைப்பு) விரிந்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். எல்லோருக்கும் பயன்படும் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டுப் பட்டாலையில் பிளைவுட் போட்டு ஹெச்ஓ (1:87) அளவில் லேஅவுட் வைத்திருக்கிறேன். சாதாரண டிசி (நேர்மின்சார) கன்ட்ரோலர், மூன்று சைடிங். ஒரு இன்ஜினை ஓட்டினால் மற்ற மூன்றும் சேர்ந்து கிளம்புகின்றன. என்ன செய்வது? (தேவகோட்டை)

டிசியில் கன்ட்ரோலர் இன்ஜினை ஓட்டுவதில்லை, ட்ராக்கைத்தான் ஓட்டுகிறது. 12 வோல்ட் வரை எவ்வளவு கொடுக்கிறீர்களோ அவ்வளவு வேகம். பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் திசை மாறும். அந்த ட்ராக்கில் எத்தனை இன்ஜின் நின்றாலும் எல்லாவற்றுக்கும் அதே உத்தரவுதான். ஆகவே நிறுத்த வேண்டிய இடத்தைத் தனியாக வெட்டி எடுத்தாக வேண்டும்.

அதற்கு இரண்டு தண்டவாளத்தையும் வெட்ட வேண்டியதில்லை, ஒன்று போதும். சைடிங்கின் உள்ளே, பாயிண்டை (தடம் பிரியும் இடத்தை) தாண்டி, ஒரு தண்டவாளத்தில் மட்டும் துண்டுகளை இணைக்கும் உலோக ஜாய்னரை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஜாய்னர் போடுங்கள். அதற்கு அப்பால் உள்ள துண்டுக்கு ஒரு டாகிள் ஸ்விட்ச் வழியாக ஒயர் கொடுங்கள். ஸ்விட்சைப் போட்டால் சைடிங்குக்கு உயிர், அணைத்தால் அங்கே நிற்பது பொம்மை. லேஅவுட் முழுக்க ஒரே பக்கத் தண்டவாளத்தையே வெட்டுங்கள். வீட்டு ஒயரிங்கில் நியூட்ரல் பொதுவாகப் போகிறது, ஃபேஸில்தான் ஸ்விட்ச் வைக்கிறோம் அல்லவா? அதே ஒழுங்குதான். ஒரு சைடிங்கில் இந்தப் பக்கம், இன்னொன்றில் அந்தப் பக்கம் என்று வெட்டிவிட்டால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

வெட்டிய துண்டின் நீளம் உங்களிடம் உள்ள மிக நீண்ட இன்ஜினைவிட ஐந்து சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்கட்டும். இன்ஜின் பல சக்கரங்களில் இருந்து கரண்ட் எடுக்கிறது. கடைசிச் சக்கரம் வெட்டைத் தாண்டும் வரை அது சாகாது.

"பாயிண்டே கரண்டைத் திருப்பிவிடுமே, தனி ஸ்விட்ச் எதற்கு" என்று சிலர் கேட்கலாம். பீக்கோ இன்சுல்ஃப்ராக் போன்ற பாயிண்டுகள், எந்தப் பாதைக்குத் திருப்பியிருக்கிறோமோ அதற்கு மட்டும்தான் கரண்டை விடும். வேலை செய்கிற முறைதான். ஆனால் அந்தக் கரண்ட் மெல்லிய நாக்குத் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தைத் தொடும் அந்த ஒரு புள்ளி வழியாகத்தான் போகிறது. நம் ஊர் செம்மண் தூசியும் பழைய சுண்ணாம்புச் சுவர் உதிர்க்கும் பொடியும் அந்தப் புள்ளியில் உட்கார்ந்தால் போதும், திருப்பிய பாதைக்கே கரண்ட் வராது. அதனால் நான் பாயிண்டை நம்புவதில்லை. ஒரு சைடிங்குக்கு ஒரு ஸ்விட்ச். டிசியானாலும், ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனி உத்தரவு அனுப்பும் டிஜிட்டல் முறையான டிசிசியானாலும் எனக்கு இதுதான் முதல் விதி.

நான் பாயிண்டையே நம்பியிருக்கிறேன். முட்டில் (தடத்தின் முடிவுத் தடுப்பில்) முடிகிற சைடிங்கில் சரியாக நிற்கிறது, இரண்டு பக்கமும் பாயிண்ட் உள்ள லூப்பில் மட்டும் நிற்காமல் நகர்கிறது. (பள்ளத்தூர்)

லூப்புக்கு இரண்டு வாசல். இந்தப் பக்கப் பாயிண்ட் கரண்டை நிறுத்தினாலும் அந்தப் பக்கப் பாயிண்ட் லூப்புக்குத் திரும்பியிருந்தால் அதன் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. இரண்டு முனையிலும் ஒரே பக்கத் தண்டவாளத்தை வெட்டி, நடுவில் ஒரு ஸ்விட்ச் கொடுங்கள்.

மார்கழியில் வெட்டு வைத்து சைடிங் செய்தேன். நாலு மாதம் ஒழுங்காக இருந்தது. சித்திரை வந்ததும் ஸ்விட்சை அணைத்தாலும் இன்ஜின் ஓடுகிறது. ஸ்விட்ச் கெட்டுவிட்டதா? (குன்றக்குடி)

ஸ்விட்ச் நன்றாகத்தான் இருக்கும், வெட்டுதான் மூடிக்கொண்டது. இது எனக்கே நடந்தது. மாடி அறையில் இருந்த என் முதல் லேஅவுட்டில் ரம்பத்தால் மெல்லியதாக வெட்டி, அப்படியே விட்டிருந்தேன். அக்னி நட்சத்திரத்தில் ஒரு மதியம் ஷெட்டில் நின்ற டீசல் தானாகக் கிளம்பி, முன்னால் நின்ற நீராவி இன்ஜினை மேசையிலிருந்து தள்ளிவிட்டது. அதன் கௌகேட்சர் (முன்பக்கத் தடுப்பு) உடைந்ததை இன்றும் சரிசெய்ய முடியவில்லை.

காரணம் எளிது. நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒரு மீட்டருக்கு, 15 டிகிரி சூடு ஏறினால், சுமார் கால் மில்லிமீட்டர் நீளும். ஜாய்னர்களையெல்லாம் சால்டர் வைத்து இரண்டு மீட்டர் ஒரே துண்டாக ஆக்கியிருந்தால் அரை மில்லிமீட்டர். மெல்லிய ரம்பம் விடும் சந்தே அவ்வளவுதான் இருக்கும். இதற்கு எதிர்த்திசையில் மரம் வேலை செய்கிறது. மார்கழியில் காற்றின் ஈரத்தை வாங்கி நின்ற பலகை, கோடைக் காய்ச்சலில் உலர்ந்து சுருங்குகிறது. தண்டவாளம் நீள, பலகை குறுக, சந்து அடைபடுகிறது.

வெட்டிய சந்தில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி, எபாக்ஸி பசை வைத்து, காய்ந்ததும் தண்டவாளத்தின் வடிவத்துக்கு அரத்தால் தேய்த்துவிடுங்கள். முடிந்தால் ரம்ப வெட்டே வேண்டாம், பிளாஸ்டிக் ஜாய்னர் போடுங்கள். அதன் நடுவில் உள்ள சிறு தடுப்பு எந்தக் கோடையிலும் இரண்டு முனைகளையும் சேரவிடாது. இன்னொன்று, எல்லா ஜாய்னரையும் சால்டர் செய்யாதீர்கள். சிலவற்றைச் சும்மா விட்டால்தான் நீளும் தண்டவாளத்துக்கு இடம் கிடைக்கும்.

டிசிசிக்கு மாறிவிட்டேன். ஷெட்டில் எட்டு சவுண்ட் இன்ஜின். கரண்ட் போய் வந்தால் 3 ஆம்பியர் பூஸ்டர் (ட்ராக்குக்கு மின்சாரம் தரும் பெட்டி) "ஷார்ட்" என்று காட்டி அணைந்துவிடுகிறது. ஒயரிங்கில் ஷார்ட் எதுவும் இல்லை. (கானாடுகாத்தான்)

டிசிசியில் ட்ராக்கில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். ஹெச்ஓ அளவில் பெரும்பாலும் 14, 15 வோல்ட். உத்தரவு வந்தால்தான் இன்ஜின் அசையும். எனவே "நிற்கும் இன்ஜின் ஒன்றும் எடுக்காது" என்று நினைக்கிறோம். ஆனால் சும்மா நின்றாலும் இன்ஜினுக்குள் உத்தரவை வாங்கும் டீகோடர் கொஞ்சம் எடுக்கிறது. சவுண்ட் டீகோடர், இன்ஜின் உறுமிக்கொண்டே நின்றால், இன்னும் கூடுதலாக எடுக்கும். ஆனாலும் எட்டு இன்ஜினும் சேர்ந்து உங்கள் 3 ஆம்பியர் பூஸ்டரைச் சாய்க்காது.

சாய்ப்பது கண்டென்சர்கள், அதாவது மின்சாரத்தைச் சற்று சேர்த்து வைக்கும் உறுப்புகள். அழுக்குத் தண்டவாளத்தில் சத்தம் விட்டுவிட்டுக் கேட்காமல் இருப்பதற்காக ஒவ்வொரு சவுண்ட் டீகோடரிலும் கண்டென்சர் இருக்கிறது. கரண்ட் விட்டுப்போனாலும் இன்ஜினைச் சற்று நேரம் ஓடவைக்கும் கீப் அலைவ் பொருத்தியிருந்தால் அது இன்னும் பெரியது. கரண்ட் வந்த நொடியில் காலிக் குடங்கள் எல்லாம் ஒரே குழாயடியில் முண்டுவது போல எட்டும் சேர்ந்து நிரம்பப் பார்க்கின்றன. அந்த இழுப்பைப் பூஸ்டர் ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு அணைகிறது. மறுபடி போடுகிறது, மறுபடி அதே கதை.

ஷெட்டின் ஒவ்வொரு பாதைக்கும் ஸ்விட்ச் வைத்து, கரண்ட் வந்த பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.

இந்த ஸ்விட்சுக்கு இன்னொரு முக்கியமான பயனும் உண்டு. சில சிறிய டிசிசி பெட்டிகளில் புரோகிராமிங்குக்குத் தனி வெளியீடு கிடையாது, மெயின் ட்ராக்கிலேயே செய்ய வேண்டும். அப்போது உயிரோடு இருக்கும் எல்லா இன்ஜினுமே அந்த உத்தரவை வாங்கிக்கொள்ளும். ஒன்றுக்கு எண் கொடுத்தீர்கள், ஷெட்டில் நின்ற எட்டுக்கும் அதே எண் என்று ஆகிவிடும். புரோகிராம் செய்யும் முன் ஷெட் முழுவதையும் அணைத்துவிடுங்கள். அன்றைக்கு ஓடாத இன்ஜினுக்கு அன்றைக்குக் கரண்ட் வேண்டாம் என்பதே என் கருத்து.

டீகோடர் இல்லாத பழைய டிசி இன்ஜினை டிசிசி ட்ராக்கில் சும்மா நிறுத்தி வைக்கலாமா? (கோட்டையூர்)

கூடாது. டிசிசி மின்சாரம் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை பிளஸ், மைனஸ் மாறிக்கொண்டே இருக்கிறது. மோட்டார் சுற்றாது, ஆனால் உள்ளே சூடாகும். "ங்ங்" என்று ஒரு ரீங்காரம் கேட்கிறதே, அது மோட்டார் வலியில் முனகும் சத்தம். இரும்பு மையம் இல்லாத கோர்லெஸ் மோட்டாராக இருந்தால் சீக்கிரமே கருகிவிடும். காட்சிக்கு வைக்க வேண்டுமென்றால் ஒயரே கொடுக்காத ஒரு சைடிங்கில் வையுங்கள்.

டிசி லேஅவுட்டில், நிற்கும் இன்ஜினின் முன்விளக்கு மட்டும் எரிய வேண்டும். ஸ்விட்சுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போட்டால் போதும் என்கிறார் நண்பர். (புதுவயல்)

நல்ல யோசனை மாதிரிதான் தெரியும், ஆனால் நடக்காது. விளக்கும் மோட்டாரும் ஒரே இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நிற்கும் மோட்டாரின் தடை சில பத்து ஓம்தான். 1000 ஓம் ரெசிஸ்டர் வழியாக வரும் சொற்பக் கரண்ட் அந்த மோட்டார் வழியாகவே இறங்கிவிடும். விளக்குக்கு அரை வோல்ட்கூட மிஞ்சாது. ரெசிஸ்டரைக் குறைத்துக்கொண்டே போனால் விளக்கு எரிவதற்குள் இன்ஜின் நகரத் தொடங்கும். நிற்கும்போது விளக்கு வேண்டும் என்ற ஆசை உங்களுக்குப் பெரிதாக இருந்தால் டிசிசிக்குப் போங்கள். அங்கே அது ஒரு பொத்தான்.

சைடிங் முடிவில் உள்ள முட்டில் இடிக்காமல் இன்ஜின் தானாக நிற்க வழி உண்டா? (ஆத்தங்குடி)

டிசியில் உண்டு, அதுவும் சில ரூபாயில். சைடிங்கின் கடைசி இன்ஜின் நீளத்துக்கு முன் ஒரு தண்டவாளத்தை வெட்டி, வெட்டுக்குக் குறுக்கே ஒரு 1என்4001 டையோடு போடுங்கள். உள்ளே வரும் திசையில் டையோடு அடைத்துக்கொள்ளும், இன்ஜின் நிற்கும். கன்ட்ரோலரைத் திருப்பினால் திறந்துகொள்ளும், வெளியே வரலாம். தப்பான பக்கம் வைத்துவிட்டால் இன்ஜின் நிற்காமல் முட்டில் போய் இடிக்கும். டையோடைத் திருப்பி வையுங்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்த மார்க்லின் (ஜெர்மன் கம்பெனி) ரயில் செட் மாடியில் கிடைத்தது. சைடிங்கில் ஒரு பக்கத் தண்டவாளத்தை வெட்டிப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. (காரைக்குடி)

மாறாது. இன்னும் வெட்டாதீர்கள், தயவுசெய்து! அது மூன்று தடம். இரண்டு தண்டவாளமும் ஒரே முனை. மற்ற முனை நடுவில் வரிசையாகத் தெரியும் சிறு பொட்டுகள். கரண்டை நிறுத்த வேண்டுமானால் நடுக் கடத்தியைத்தான் பிரிக்க வேண்டும். இரண்டு ட்ராக் துண்டுகள் சேரும் இடத்தில் நடு நாக்குகளுக்கு இடையே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி, அப்பால் உள்ள நடுக் கடத்திக்கு ஸ்விட்ச் வழியாக ஒயர் கொடுங்கள். தகடு ட்ராக்குக்கு ஒரு கீறல்கூட விழாது.

இந்த இன்ஜின்கள் ஏசியில் 16 வோல்ட் வரை ஓடும். திசை மாற்ற 24 வோல்ட் ஒரு நொடி கொடுக்க வேண்டும். அணைந்த சைடிங்கில் நிற்கும் இன்ஜினுக்கு அந்த அடி எட்டாது. அதனால் எந்தத் திசையில் விட்டீர்களோ அதே திசையில்தான் காத்திருக்கும்.

கூடவே வந்த டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் பிளக்கில் செருகாதீர்கள். பழைய ரப்பர் ஒயர் தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். தவிர, அவை 220 வோல்ட் காலத்தவை. இன்றைய 230 வோல்ட்டில் திசை மாற்றும் அடி 24 வோல்ட்டைத் தாண்டிப் போகும். பெட்டியை அலமாரியில் அழகுக்கு வைத்துவிட்டு, ஓட்டுவதற்குப் புதியது வாங்கிக்கொள்ளுங்கள். பழம்பொருள் கடைகள் உள்ள முனீஸ்வரன் கோயில் தெருவில் விலை கேட்டுப் பார்க்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். விற்க வேண்டாம் என்பது என் ஆசை.

டிசிசி பெட்டி முகப்பில், ஷெட் ஒன்பது மீட்டர் தள்ளி. எந்த ஒயர்? (கண்டனூர்)

1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. போக வர 18 மீட்டர், 3 ஆம்பியரில் சுமார் 0.65 வோல்ட் இழப்பு, தாங்கலாம். மெல்லிய 0.5 ஒயர் போட்டால் கிட்டத்தட்ட 2 வோல்ட் போய்விடும். நிக்கல் சில்வர் தண்டவாளம் செம்பைவிடப் பல மடங்கு மோசமான கடத்தி. ஆகவே அதன் வழியாகக் கரண்ட் நெடுந்தூரம் வரும் என்று நம்பாமல் ஒவ்வொரு சைடிங்குக்கும் இந்த ஒயரிலிருந்து கிளை கொடுங்கள். முடித்ததும் ஷெட்டின் கடைசி முனையில் ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். பூஸ்டர் உடனே அணைய வேண்டும். அணையவில்லை என்றால் ஒயர் போதவில்லை. நாளைக்கு ஓர் இன்ஜின் அங்கே தடம் புரண்டால் பூஸ்டருக்குத் தெரியாமலேயே சக்கரம் உருகும். அப்புறம், இந்த ஸ்விட்சுகளை வீட்டு 230 வோல்ட் ஸ்விட்ச் போர்டில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். தனிப் பலகை, தனி இடம்.

வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னை போகிறோம். இனி நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலுக்குத்தான் வருவோம். இன்ஜின்களைச் சைடிங்கிலேயே விடலாமா? (நெற்குப்பை)

வேண்டாம். மெயின் பிளக்கைப் பிடுங்கி, இன்ஜின்களைப் பெட்டியில் படுக்கவைத்து, லேஅவுட்டைப் பழைய வேட்டியால் மூடிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் முதலில் தண்டவாளத்தைத் துடையுங்கள். சக்கரங்களையும் துடைத்துவிட்டு, ஒரே ஒரு இன்ஜினை மட்டும் வைத்து, ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.