சான்றிதழ் காலாவதியானால் அப்டேட் என்னவாகும்? – கேள்வி பதில்

கேள்வி: மென்பொருள் எங்களுடையதுதான் என்று கையொப்பமிட்டுக் காட்ட உதவும் எங்கள் கோடு சைனிங் சான்றிதழ் அடுத்த மாதம் முடிகிறது. வாடிக்கையாளர்கள் நிறுவியிருக்கும் விண்டோஸ் செயலி நின்றுவிடுமா ஐயா?

பதில்: நிறுவிய செயலி பொதுவாக நிற்காது. ஆபத்து, டவுன்லோடு பக்கத்தில் நீங்கள் வைத்திருக்கும் இன்ஸ்டாலருக்குத்தான். கையொப்பத்தோடு டைம்ஸ்டாம்ப் (கையொப்பமிட்ட நேரத்தைப் பதியும் முத்திரை) இருந்தால், சான்றிதழ் செல்லுபடியான நாளில்தான் அது இடப்பட்டது என்பதற்குச் சாட்சி கிடைத்துவிடுகிறது. சான்றிதழ் முடிந்த பிறகும் விண்டோஸ் ஏற்கும். டைம்ஸ்டாம்ப் இல்லையென்றால், சான்றிதழ் முடிந்த மறுநாளே அந்தக் கையொப்பம் செல்லாக்காசு. இன்றே பாருங்கள்: கோப்பின் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ். டைம்ஸ்டாம்ப் பத்தியில் தேதி இருக்க வேண்டும்.

கேள்வி: தேதி இல்லை! மறுபடி பில்ட் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஏற்கெனவே கையொப்பமிட்ட கோப்பில் டைம்ஸ்டாம்பை மட்டும் சேர்க்க, மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பக் கருவியான சைன்டூலிலேயே வழி உண்டு. ஆனால் சான்றிதழ் காலாவதியாகும் முன்பே சேர்த்துவிட வேண்டும்.

கேள்வி: புதிய சான்றிதழால் கையொப்பமிட்ட அப்டேட்டை எங்கள் பழைய பதிப்பு நிராகரிக்கிறது. கோப்பில் குறை எதுவும் தெரியவில்லை.

பதில்: உங்கள் அப்டேட்டர் சான்றிதழின் தம்ப்பிரிண்ட்டை (அந்தச் சான்றிதழுக்கே உரிய அடையாள எண்) ஒப்பிடுகிறதா என்று பாருங்கள். சான்றிதழ் மாறினால் தம்ப்பிரிண்ட்டும் மாறும். இதே தவறை நானும் செய்திருக்கிறேன். அந்த ஒரு வரி நிரலால் பழைய பதிப்பு வைத்திருந்த ஒவ்வொருவரையும் கையால் டவுன்லோடு செய்யச் சொல்லி மின்னஞ்சல் அனுப்ப நேர்ந்தது. அன்று அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது இன்னும் மனத்தில் இருக்கிறது.

பழைய சான்றிதழ் இன்னும் உயிரோடு இருந்தால் தப்பிக்கலாம். இரண்டு சான்றிதழ்களையும் ஏற்கும் இடைப் பதிப்பு ஒன்றைப் பழையதால் கையொப்பமிட்டு வெளியிடுங்கள். அது பரவ அவகாசம் கொடுத்து, பிறகு புதியதற்கு மாறுங்கள். இடைப் பதிப்பைத் தவறவிட்டவர்கள் எப்போதும் இருப்பார்கள். அதைச் சர்வரிலிருந்து நீக்காதீர்கள், அவர்கள் அதன் வழியாகத்தான் ஏறி வர முடியும். இனி, தம்ப்பிரிண்ட்டுக்குப் பதிலாக, சான்றிதழ் நம்பகமான நிறுவனத்திடமிருந்து வந்ததைக் காட்டும் சங்கிலியையும் வெளியீட்டாளர் பெயரையும் சரிபார்ப்பதே நல்லது. எம்எஸ்ஐஎக்ஸ் எனும் விண்டோஸ் நிறுவல் பொதிகளில் கவனம்: சான்றிதழில் உள்ள பெயர் சற்று மாறினாலும் விண்டோஸ் அதை வேறொரு செயலியாகவே பார்க்கும்.

கேள்வி: புதுப்பித்ததும் விண்டோஸின் பாதுகாப்பு வடிகட்டியான ஸ்மார்ட்ஸ்கிரீனின் எச்சரிக்கை வருகிறதே?

பதில்: புதிய சான்றிதழுக்கு நற்பெயர் இனிதான் சேர வேண்டும். சிறிது காலம் பொறுங்கள். பயனர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மொத்தமாக மூன்று ஆண்டுகளுக்கு வாங்கிவிட்டால் தொல்லை இல்லையே?

பதில்: அந்தக் காலம் போய்விட்டது. 2026 மார்ச் 1 முதல் வழங்கப்படும் சான்றிதழ்களுக்கு அதிகபட்ச ஆயுள் 460 நாட்கள். 2023 ஜூன் முதலே கையொப்பமிடும் ரகசியத் தனிச்சாவியை வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்பதால், அதைத் தாங்கும் டோக்கன் (சிறு சாதனம்) வந்து சேரும் நாட்களையும் கணக்கில் எடுங்கள். நான் மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுவேன்.

கேள்வி: மேக்கிலும் இதே கதைதானா?

பதில்: பெரும்பாலும். ஆப்பிள் தரும் டெவலப்பர் ஐடி சான்றிதழால் டைம்ஸ்டாம்ப்புடன் கையொப்பமிட்ட செயலி தொடர்ந்து இயங்கும். மேக்கின் பிகேஜி (.pkg) இன்ஸ்டாலருக்கு மட்டும் அந்தச் சலுகையை நம்பி இருக்காதீர்கள். சான்றிதழ் முடியும் முன்பே புதியதால் கையொப்பமிட்டு மாற்றி வையுங்கள்.