கணினிக் கேள்வி நேரம்: கல்யாண வீடியோவுக்கு 490 டாலர் கட்டலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன் வீடியோ எடிட் செய்ய ஏதோ ஒரு மென்பொருளின் 'கிராக்'கை (காசு கட்டாமல் ஓடும்படி உடைத்த திருட்டுப் பதிப்பு) என் கணினியில் இறக்கினான். விண்டோஸ் அப்டேட் ஓடுவதுபோல் ஒரு பெட்டி வந்தது. அது முடிந்தபோது எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்து ஒட்டியிருந்தது, எதுவும் திறக்கவில்லை. மகளின் கல்யாண வீடியோ, தண்ணீர்மலைத் தைப்பூசப் படங்கள் எல்லாம் அதில்தான். ஃபோல்டருக்கு ஃபோல்டர் 'ரீட்மி' என்று ஒரு கடிதம் வேறு: 980 டாலர் கட்ட வேண்டுமாம், 72 மணி நேரத்துக்குள் என்றால் 490. இங்கே ஒரு கடையில் 800 வெள்ளி கொடுத்தால் மீட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது?

பதில்: யாருக்கும் வேண்டாம், டீச்சர். ஆனால் படங்களுக்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவசரம் அதில்தான்.

போலி அப்டேட் பெட்டி, ரீட்மி, 980, 490, 72 மணி நேரம் எல்லாம் சேர்ந்தால் அது அநேகமாக 'ஸ்டாப் டெஜாவு' என்ற ரேன்சம்வேர் குடும்பம், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கக் காசு கேட்கும் வைரஸ். வீட்டுக் கணினிகளைப் பிடிப்பதே அதன் தொழில், கிராக் மென்பொருள்தான் அதன் வாசல். பல சமயம் கூடவே ஒரு திருடனையும் (இன்னொரு வைரஸ்தான்) அழைத்து வரும். பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்களை அந்தத் திருடன் சத்தமில்லாமல் அள்ளி அனுப்பிவிடுவான். பூட்டப்பட்ட கோப்புகளைப் பார்த்து நீங்கள் கலங்கிக்கொண்டிருக்கும்போது உங்கள் மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும் வேறொருவர் கையில் இருக்கலாம். அதனால் கணினியை வைஃபையிலிருந்து துண்டியுங்கள். பிறகு அந்தக் கணினியைத் தொடாமல், கைப்பேசியில் முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி என்று எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். வங்கியில் பணம் குறைந்திருந்தால் உடனே வங்கியையும், மோசடிப் புகாருக்கான 997-ஐயும் அழையுங்கள். பேரனைத் திட்டாதீர்கள். திட்டினால் எந்தெந்தக் கணக்கை அதில் திறந்தான் என்பதை மறைத்துவிடுவான். அந்தப் பட்டியல் நமக்கு வேண்டும்.

அடுத்து, பென்டிரைவ் எதையும் அதில் சொருகாதீர்கள். இந்த வைரஸ் தானாகவே திரும்பத் திரும்ப ஓடும்படி ஒரு ஏற்பாட்டைச் செய்துவிட்டுத்தான் உட்காரும். புதிதாக வந்த கோப்பையும் விடாது. ஆன்டிவைரஸ் ஓட்டிச் சுத்தம் செய்த பிறகு, பூட்டிய கோப்புகளையும் ரீட்மி கடிதத்தையும் ஒரு ஹார்ட்டிஸ்கில் அப்படியே காப்பி எடுத்து வையுங்கள். "ஃபார்மட் செய்துவிடலாம்" என்று யார் சொன்னாலும் இதற்குப் பிறகுதான்.

இப்போது ரீட்மியின் அடியில் உள்ள உங்கள் அடையாள எண்ணைப் பாருங்கள். அது ஆங்கிலச் சிறிய 't' எழுத்தும் 1-ம் சேர்ந்து 't1' என்று முடிந்தால் நம்பிக்கை உண்டு. வைரஸ் தன் எஜமானரின் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாமல், கையோடு கொண்டுவந்த பொதுச் சாவியால் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதே சாவி பலருக்கும் பொருந்தும் என்பதால், எங்கோ ஒருவரிடமிருந்து கிடைத்திருந்தால் உங்களுக்கும் திறக்கும். எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் வெளியிட்ட இலவசக் கருவி அதைத்தான் செய்கிறது. வேறு எழுத்தில் முடிந்தால் சாவி உங்களுக்கென்று தனியாகச் செய்தது, காசு கேட்கும் திருடனிடம்தான் இருக்கும். வேறு குடும்பமாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் இரண்டு கோப்புகளை ஏற்றிப் பாருங்கள். நெதர்லாந்து போலீஸும் ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-இல் தொடங்கியது, காசு கேட்காது.

இதை வைத்தே அந்தக் கடையையும் சோதித்துவிடலாம். "எந்தக் குடும்பம், சாவி எங்கிருந்து கிடைக்கும்?" என்று கேளுங்கள். தனிச் சாவியால் பூட்டியதைக் கடைக்காரரால் உடைக்க முடியாது. திருடனுக்கே கட்டி நடுவில் கமிஷன் பார்ப்பது ஒரு வழி, முன்பணத்தை வாங்கிக்கொண்டு கையை விரிப்பது இன்னொரு வழி. நீங்களே நேரடியாகக் கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு அவன் வாயைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லை.

கல்யாண வீடியோவுக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி. இந்த வைரஸ் அவசரக்காரன். ஒரு கோப்பின் முதல் 150 கிலோபைட்டை மட்டும் கெடுத்துவிட்டு அடுத்ததற்கு ஓடிவிடும். வீடியோவோ ஜிகாபைட் கணக்கில் இருக்கும். அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று மாதிரிக்குக் கிடைத்தால், பழுதுநீக்கும் மென்பொருளால் பெரும்பகுதியைத் திரும்பப் பார்க்க வாய்ப்பு அதிகம். கல்யாணத்துக்குப் படம் எடுத்தவரை முதலில் அழையுங்கள். மூலத்தையே அவர் வைத்திருக்கக்கூடும். தைப்பூசப் படங்கள் கொஞ்சம் சிரமம். சின்னக் கோப்பில் தலைப்பகுதி போனால் உடம்பு தேறுவது கடினம். கேமரா கார்டை அதற்குப் பிறகு பயன்படுத்தவில்லையென்றால் 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருள் அழித்த படங்களைக்கூடத் தோண்டி எடுக்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு வார்த்தை போடுங்கள், தெளிவு குறைந்தாலும் அங்கே பாதிப் படங்கள் கிடக்கும்.

முறையாகப் புகார் செய்ய, சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையம் இருக்கிறது: 1-300-88-2999.

கேள்வி: எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்கில் எல்லாவற்றுக்கும் காப்பி வைத்திருக்கிறேன். அது எப்போதும் கணினியிலேயே சொருகியிருக்கும். நான் பயப்பட வேண்டியதில்லைதானே? (வாசகர், செந்தூல்)

பதில்: பயப்படத்தான் வேண்டும். சொருகியே இருந்தால் வைரஸுக்கு அது இன்னொரு ஃபோல்டர், அவ்வளவுதான். காப்பி எடுத்தவுடன் கழற்றி அலமாரியில் வையுங்கள். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால் அதன் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் உள்ளவற்றைக் கடந்த 30 நாளுக்குள் எந்த நிலைக்கும் திருப்பலாம். அப்புறம், விண்டோஸ் செக்யூரிட்டியில் ரேன்சம்வேர் பாதுகாப்பு என்று ஒரு பகுதி உண்டு. 2017-இலிருந்தே இருக்கிறது, ஆனால் ஃபோல்டர்களைக் காக்கும் சுவிட்சை நாமாகப் போட்டால்தான் உண்டு. போட்டபின் சில விளையாட்டுகள் சேமிக்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். அவற்றுக்கு மட்டும் தனியாக அனுமதி கொடுங்கள், சுவிட்சை அணைத்துவிடாதீர்கள்.