முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரலில் ரத்தக்கட்டி: எப்போது பயப்பட வேண்டும்?

முதலில் அந்த ஆஸ்பிரினை நிறுத்துங்கள். முதுகுத்தண்டு ஆபரேஷன் முடிந்து 10 நாளே ஆன கணவருக்கு, இணையத்தில் படித்துவிட்டு நீங்களாகவே தினமும் ஒன்று கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் அறுத்த இடத்தில் ரத்தம் கசிந்து நரம்பை அழுத்தினால் கால் செயலிழந்துபோகலாம். ரத்தம் உறையாமலிருக்க அவருக்கு மருந்து வேண்டுமா, வேண்டாமா என்று ஆபரேஷன் செய்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். கொடுத்ததை மறைக்காமல் இன்றே அந்த டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தையல் காயும்போது லேசாக அரிப்பதும், சாயங்காலம் இரண்டு பாதமும் கொஞ்சம் வீங்கிக் காலையில் வடிவதும் சாதாரணம். விட்டுவிடுங்கள்.

சரி, உங்களைத் தூங்கவிடாத நுரையீரல் ரத்தக்கட்டிக்கு வருவோம். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. அதிகம் அசையாமல் படுத்திருக்கையில் காலின் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி கழன்று, இதயம் வழியாகப் போய் நுரையீரலின் ரத்தக்குழாயை அடைக்கலாம். முதல் சில வாரங்களில்தான் ஆபத்து அதிகம். 3 மாதம் வரை கவனமாக இருங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது அவருடைய மூச்சை. நேற்று சுலபமாக நடந்த தூரத்தில் இன்று பாதியிலேயே மூச்சு வாங்குகிறதா? சும்மா உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று திணறுகிறதா? உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மூச்சை இழுத்தால் விலாவில் குத்துவது, நெஞ்சு படபடப்பு, மயக்கம், இருமலில் ரத்தம் ஆகியவையும் கூட வரலாம். எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 'ஆபரேஷன் வலிதான் மேலே ஏறுகிறது', 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லி ஒரு ராத்திரியைக் கடத்திவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசே ஆறுவதில்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் அளவை 97 என்று காட்டினாலும் கட்டி இல்லை என்று அர்த்தமில்லை. லேபில் நீங்களாகவே டி-டைமர் (ரத்தக்கட்டி இருக்கலாமா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) பார்க்கவும் வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு அது பலருக்கும் கூடித்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்.

கால் வீங்காமலேயே நுரையீரல் அடைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலித்தால் அன்றைக்கே காட்டிவிடுங்கள். அதைத் தேய்த்து, நீவி விடாதீர்கள்.

அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், வாசலிலேயே ஆபரேஷன் நடந்த தேதியையும் ஆஸ்பிரின் கொடுத்ததையும் சொல்லிவிடுங்கள்.