மறுகால் எந்தப் பக்கம் பாயும்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணாச்சி,

வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதும் பத்தும் என் வகுப்புகள். பிள்ளைகளிடம் இந்திய வரைபடத்தைக் கொடுத்தால் சோட்டாநாக்பூர் பீடபூமி, மகாநதி எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு குறித்துவிடுகிறார்கள். போன வாரம் சும்மா ஒரு பேச்சுக்கு, "நம்ம ஊர்க் குளம் நிரம்பினா மறுகால் எந்தப் பக்கம் பாயும்?" என்று கேட்டேன். வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பாவோடு வயலுக்குப் போகிற ஒரு பையன் மட்டும் கையை நீட்டிக் காட்டினான், அது வடக்கா கிழக்கா என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. அதே புத்தகத்தில் உள்ளாட்சி பற்றிய பாடமும் இருக்கிறது. கிராம சபை என்றால் என்ன என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். போய்ப் பார்த்தவர்கள் யாருமில்லை.

இரண்டையும் சேர்த்து, பிள்ளைகளை ஊருக்குள் கூட்டிப்போய் ஏதாவது செய்யலாமே என்று சக ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன். "ஊர்ப் பிரச்சினைக்குள்ள புள்ளைகளை இழுத்து விடாதீங்க டீச்சர், நாளைக்கு யாராவது வந்து சத்தம் போட்டா யார் பதில் சொல்றது?" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே படுகிறது. பதினான்கு வயதுப் பிள்ளைகளை இதில் இறக்கலாமா? நாற்பது நிமிடப் பீரியடில் என்னதான் செய்ய முடியும்? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

இறக்கலாம், தாராளமாக இறக்கலாம். எதில் இறக்குவது, எதில் கூடாது என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மறுகால் தண்ணீர் எந்த வயலைத் தாண்டி, எந்த ஓடையில் விழுந்து, அடுத்த குளத்துக்கு எப்படிப் போகிறது என்பது அவனுக்கு நடந்து நடந்தே தெரிந்திருக்கிறது. அதை ஒரு தாளில் திசையும் தூரமும் போட்டு, அந்த ஊரை அறியாத ஒருவர் எடுத்துப் பார்த்தாலும் புரிகிற மாதிரி வைக்க அவனுக்குத் தெரியாது. அவ்வளவுதான் குறை, அதைக் கற்றுக்கொடுக்கத்தான் பள்ளிக்கூடம். 1994-ல் அமெரிக்காவில் பள்ளிகளுக்கான தேசியப் புவியியல் தரங்களை வகுத்தபோது ஐந்து திறன்களைச் சொன்னார்கள்: புவியியல் சார்ந்த கேள்வி கேட்பது, தகவல் சேகரிப்பது, அதை ஒழுங்குபடுத்துவது, அலசிப் பார்ப்பது, பதில் சொல்வது. நீங்கள் அன்றைக்குக் கேட்டது இதில் முதலாவது. நம் பரீட்சையில் கேள்வியும் பரீட்சை வைக்கிறவர்களுடையது, பதிலும் அவர்களுடையது, நடுவில் இருக்கிற மூன்றுக்கும் இடமே இல்லை.

அந்த மூன்றையும் எப்படிச் செய்வது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர், அந்த மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற சராசரியைவிட அதிகம். தாமிரபரணி கரை தாண்டி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸையும் விடவில்லை, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டது. உங்கள் பிள்ளைகள் அப்போது சின்ன வகுப்பில் இருந்திருப்பார்கள், ஆனால் தங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஒவ்வொருவருக்கும் ஞாபகம் இருக்கும். சில வீடுகளில் கறைகூட இன்னும் போயிருக்காது. வெள்ளம் வராத தெரு என்றால் ஒவ்வோர் ஐப்பசி கார்த்திகையிலும் தேங்குகிற மழைத்தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் இதற்குப் போதும்.

ஒரு டேப்பும் கிராஃப் தாளும் கொடுத்து, தெருத்தெருவாக, அந்த அடையாளம் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று அளந்து வரச் சொல்லுங்கள். ஓடுகிற தண்ணீருக்கு இது பொருந்தாது, ஆனால் தேங்கி நின்ற தண்ணீரின் மேற்பரப்பு கிட்டத்தட்ட மட்டமாகத்தான் இருக்கும். அப்படியானால் ஒரு வீட்டில் 120, தெருமுனையில் 45 என்று வந்தால், அந்த வீட்டடித் தரை தெருமுனையைவிட 75 சென்டிமீட்டர் பள்ளம் என்று அர்த்தம். ஒரே அளவு வந்த புள்ளிகளை ஒரு கோட்டில் இணைத்தால் அதுதான் சமஉயரக் கோடு. பாடத்தில் யாரோ ஒரு மலைக்கு வரைந்து காட்டுகிற கோட்டைப் பிள்ளைகள் தங்கள் சொந்தத் தெருவுக்கு, தங்கள் ஞாபகத்திலிருந்தே வரைந்துவிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பைக் கேட்டு வாங்கி இரண்டு இடத்தில் சரிபாருங்கள், வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளையின் அப்பா கொத்தனாராக இருப்பார், அவரையே வரச் சொன்னால் இன்னும் நல்லது.

இடத்தைக் குறிக்க செல்போன் போதும். நம் பக்கம் அட்சரேகை 8.7 டிகிரிக்கும் தீர்க்கரேகை 77.7-க்கும் அருகில். ஒரு டிகிரி அட்சம் ஏறக்குறைய 111 கிலோமீட்டர், பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் தீர்க்கத்திலும் ஒரு டிகிரி 110 கிலோமீட்டர் வந்துவிடும். ஆகவே புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் எழுதினால் சுமார் 110 மீட்டர், நான்கு எழுதினால் 11 மீட்டர், ஐந்து எழுதினால் ஒரு மீட்டர். செல்போன் வெட்டவெளியிலேயே ஐந்து பத்து மீட்டர் தவறிக் காட்டும், அதனால் நான்கு இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தக் கணக்கை ஒரு தரம் தாங்களே போட்டுப் பார்த்த பிள்ளைக்கு அட்சரேகை தீர்க்கரேகை பற்றி மறுபடி விளக்க வேண்டியிருக்காது.

சரி, வரைபடம் வந்துவிட்டது. சுவரில் ஒட்டி, ஆய்வுக்கு வருகிற அதிகாரியிடம் காட்டி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு முடித்துவிடுகிற வழக்கம் இருக்கிறதே, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணீர் இங்கே ஏன் தேங்குகிறது, எங்கே போக வேண்டிய தண்ணீர் அது, வழியில் எது மறிக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டியது யார் என்று தேட ஆரம்பிக்கும்போதுதான் இந்தப் பாடம் உள்ளாட்சிப் பாடத்துக்குள் நுழைகிறது. உங்கள் ஊர்க் குளத்தையே பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது அந்தக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல் பரப்பு, 40 ஹெக்டேர் (100 ஏக்கர்), அதற்கு மேல் இருந்தால் குளம் நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். இது தெரியாமல் எழுதுகிற மனு ஓர் ஆபீஸிலிருந்து இன்னோர் ஆபீஸுக்கு அலைந்து, கடைசியில் எங்கேயாவது ஒரு கட்டுக்குள் படுத்துவிடும். ஆயக்கட்டு எவ்வளவு, ஓடை எந்தப் புல எண்ணில் வருகிறது என்பதை எல்லாம் இன்றைக்கு உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கத் தொடங்கலாம், அரசின் நில ஆவணத் தளத்தில் புல எண்ணைக் கொடுத்தால் நிலத்தின் வகையும் பரப்பும் எழுதிய அ-பதிவேடும், எல்லை அளவுகளோடு வரைந்த புலப்படமும் கிடைக்கின்றன, நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அதுவும் தெரிந்துவிடும். மிச்சத்துக்கு கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கேட்கலாம். பிள்ளைகள் வந்து கேட்டால் கிராம வரைபடத்தை எடுத்து விரித்துக் காட்டுகிற விஏஓக்கள் இருக்கிறார்கள்.

"எங்கள் ஊரில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவதால் மக்கள் அவதிப்படுகின்றனர், ஆவன செய்ய வேண்டுகிறோம்" என்று எழுதினால் எழுதியவருக்கும் வாசிப்பவருக்கும் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இன்ன புல எண்ணில் போகிற ஓடை, ரோட்டைக் கடக்கிற குழாய்ப் பாலத்துக்குக் கீழே மண்மேடிட்டுப் பாதிதான் திறந்திருக்கிறது, அதற்கு மேல்பக்கம் 60 மீட்டர் தூரத்துக்கு இத்தனை வீட்டில் இவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது, வரைபடம் இணைப்பில் என்று எழுதிப் பாருங்கள். அதை வாங்குகிறவர் போய்ப் பார்த்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ஏன் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுக்க நினைப்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

பக்கத்து மாநிலத்தில் இது நடந்திருக்கிறது. கண்ணூர் மாவட்டத்து கல்லியாசேரி பஞ்சாயத்தில் 1990களின் தொடக்கத்தில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்கிற மக்கள் அறிவியல் இயக்கத்தின் துணையோடு ஊர்க்காரர்களே தங்கள் நிலத்தையும் நீரையும் வரைபடத்தில் ஏற்றினார்கள். பிற்பாடு 1996-ல் கேரளம் முழுக்க, உள்ளாட்சிகளே தங்கள் திட்டங்களை வகுக்கிற மக்கள் திட்ட இயக்கம் வந்தபோது இந்த அனுபவம் கைகொடுத்தது. செய்தவர்கள் பெரியவர்கள்தான், ஆனால் அந்த வேலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளையால் முடியாதது என்று பெரிதாக ஒன்றுமில்லை.

இப்போது உங்கள் சக ஆசிரியர் சொன்னதற்கு வருகிறேன். அவருடைய பயத்தை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஆக்கிரமிப்பு விஷயத்தைப் பிள்ளைகள் தொடவே விடாதீர்கள். ஓடையை யார் மறித்திருக்கிறார் என்பது ஊருக்கே தெரிந்திருக்கலாம், ஆனால் வரைபடத்தில் ஆள் பெயர் வரக்கூடாது. ஓடை எங்கே குறுகுகிறது, அகலம் எத்தனை அடி என்பது வரை பிள்ளைகள் குறிக்கட்டும். அதற்கு மேல் கேட்க வேண்டியது பெரியவர்களின் வேலை.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தெரு. நம் ஊர்களில் தெரு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் வீட்டுக்கே போய்ச் சக மாணவர்கள் வெட்டியதும், அதற்குப் பிறகு பள்ளிகளில் சாதி பற்றி ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டதும், 2024 ஜூனில் அறிக்கை வந்ததும் நாம் எல்லோரும் பார்த்ததுதான். குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் எங்கெங்கே இருக்கின்றன என்று குறிக்க ஆரம்பித்தால், எந்தத் தெருவில் பைப் நின்றுபோகிறது என்பது யாரும் வாய் திறக்காமலே தாளில் வந்துவிடும். அது வரட்டும், வர வேண்டும். ஆனால் அந்தந்தத் தெருப் பிள்ளைகளை அந்தந்தத் தெருவுக்கு மட்டும் அனுப்பினால் ஊர் ஏற்கனவே போட்டு வைத்திருக்கிற கோட்டை நாமும் ஒரு தரம் அழுத்தி வரைந்த மாதிரி ஆகிவிடும். கலந்த குழுவாக, பையன்களும் பெண்பிள்ளைகளுமாக, கூட ஓர் ஆசிரியரோ ஒரு பெற்றோரோ வர, பகலில் அனுப்புங்கள். முன்கூட்டியே தலைமை ஆசிரியரிடமும் வார்டு உறுப்பினரிடமும் சொல்லிவிடுங்கள். அடுத்த தெருவுக்குள் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவன் போய், அங்கே ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தால், அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்பேன்.

முதல் தடவைக்கு வெள்ளம்கூட வேண்டாம், தெருவிளக்கில் தொடங்குங்கள். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டில் வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் இருப்பார்களே, அவர்கள் நடக்கிற பாதையை எடுங்கள். மின்கம்பத்தில் பெரும்பாலும் பெயிண்டால் எண் எழுதியிருப்பார்கள். எந்த எண் கம்பத்தில் விளக்கு எரிகிறது, எதில் இல்லை, இரண்டு வெளிச்சத்துக்கு நடுவில் எத்தனை தப்படி இருட்டு. தப்படி அளவை முதலில் பள்ளி மைதானத்தில் டேப் வைத்துப் பழகலாம், அதற்கு ஒரு பீரியட். பாதையைப் பகலில் அளப்பது வீட்டுக்குப் போகிற வழியிலேயே நடந்துவிடும், எரியாத கம்பத்தை அவரவர் அம்மா அப்பா கூட்டிப்போக வருகிற நாளில் குறித்துக்கொள்ளலாம். கிராஃப் தாளில் அளவுத்திட்டம் போட்டு ஏற்ற ஒரு பீரியட், குறியீடு விளக்கமும் வடக்கு அம்பும் போட்டு முடிக்க இன்னொன்று. நாற்பது நிமிடம் குறைவுதான், ஆனால் மூன்று நான்கு பீரியட் என்று பிரித்தால் முடிகிற வேலை.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று இப்போது வருடத்துக்கு ஆறு நாள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்கள்தான் உறுப்பினர், அதனால் உங்கள் பிள்ளைகளுக்கு வாக்கில்லை, தீர்மானமும் கொண்டுவர முடியாது. ஆனால் பெற்றோர் ஒருவர் விஷயத்தை எழுப்ப, பக்கத்தில் நின்று வரைபடத்தை விரித்து ஒரு பிள்ளை விளக்குவதை யாரும் தடுக்கப்போவதில்லை. தங்களைப் பாதிக்கிற விஷயத்தில் கருத்துச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்கிற ஐ.நா. உடன்படிக்கையை, அதன் 12-வது பிரிவை, இந்தியா 1992-லேயே ஏற்றிருக்கிறது. மைக் முன்னால் போகத் தயங்கினால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் உள்ளாட்சி உறுப்பினரும் உட்கார்ந்திருப்பார், அங்கே வைத்துத் தீர்மானமாக எழுதி வாங்கி ஊராட்சிக்கு அனுப்பலாம். மார்ச் 22 தண்ணீர் தினம், குளத்தையும் ஓடையையும் பேச அதுதான் பொருத்தமான கூட்டம். ஆனால் பத்தாம் வகுப்புக்கு அது பரீட்சை நேரம், ஒன்பதாம் வகுப்பை வைத்துச் செய்யுங்கள்.

கொடுக்கிற எதற்கும் ஒரு நகல் பள்ளியில் இருக்கட்டும், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பதில் வராமலும் போகலாம். அப்போது பிள்ளைகள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு, எங்கள் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று பெற்றோர் ஒருவர் கேட்கலாம், முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். விளக்கு எரிந்துவிட்டால் அந்தக் கம்பத்தை வரைபடத்தில் தேதி போட்டுத் திருத்தி, அடுத்த வருடம் வருகிற ஒன்பதாம் வகுப்பிடம் தாளைக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் மறுபடி அளக்கட்டும். மறுகால் பாயும் திசையைக் குறிக்கிற வேலையை அந்தப் பையனிடம் கொடுங்கள், கையில் ஒரு காம்பஸோடு.