மகள் காற்றை அளக்கப் படிக்கலாமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து கேட்ட அம்மாவுக்கு,

“மருத்துவத்துக்கு இசெட் புள்ளி காணாது. பிள்ளை காற்று மாசு படிக்கப் போறன் எண்டு நிக்கிறா. இதப் படிச்சா இஞ்ச வேலை இருக்கா?” என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பெயரில் பதவி தேடினால் ஏமாற்றம்தான். வேலை வேறு பெயர்களில் இருக்கிறது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்துக்காக ஆலைகளின் புகையை அளந்து அறிக்கை கொடுக்கும் ஆய்வுகூடங்கள் என்று தேடுங்கள். அரச வெற்றிடங்கள் எப்போதாவதுதான் வரும். அதுவரை ஆய்வுகூடத்தில் கை பழகுவது வீண்போகாது.

பட்டத்தின் பெயரில் ‘சுற்றாடல்’ இருக்க வேண்டும் என்று அலைய வேண்டாம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகமோ சம்மாந்துறை வளாகமோ, எங்கே இடம் கிடைத்தாலும் இரசாயனவியலை விடாமல் பிடித்துக்கொள்ளட்டும், கூடவே புள்ளிவிபரவியல். உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான்.

இனி, அந்த வேலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். பி.எம் 2.5 என்பது விட்டம் 2.5 மைக்ரோமீற்றரும் அதற்குக் குறைவுமான காற்றுத் துகள். நிமிடத்துக்கு 16.7 லீற்றர் காற்றை ஒரு வடிதாள் ஊடாக 24 மணி நேரம் இழுத்தால் ஏறத்தாழ 24 கன மீற்றர். வடிதாளின் எடை முன்பு 148.210 மில்லிகிராம், பின்பு 149.170 என்று வைப்போம். கூடியது 960 மைக்ரோகிராம். 24ஆல் பிரித்தால் கன மீற்றருக்கு 40 மைக்ரோகிராம். இலங்கையின் 24 மணி நேர வரம்பு 50, உலக சுகாதார அமைப்பு 2021இல் சொன்னது 15. ஒரே எண், இங்கே சித்தி, அங்கே தோல்வி.

கணக்கு இவ்வளவுதான், சிக்கல் கையில் இருக்கிறது. வடிதாளைக் கவ்வியால் பிடிக்காமல் விரலால் தொட்டாலே எடை பிழைக்கும். நிறுக்கும் அறையின் ஈரப்பதன் மாறினாலும், டெஃப்லான் தாளில் நிலைமின் ஏறினாலும் தராசு பொய் சொல்லும். பம்பியில் கசிவு வந்து ஓட்டம் 14 லீற்றருக்கு இறங்கினால் பிழை இரண்டு: காற்றின் அளவு குறைகிறது, அதோடு நுழைவாயிலில் பெரிய துகளைப் பிரிக்கும் வேகம் போதாமல் 2.5ஐவிடப் பெரிய துகளும் உள்ளே நுழைகிறது. ஆகவே தொடக்கத்திலும் முடிவிலும் ஓட்டத்தை அளந்து எழுதாத மாதிரியைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

எவ்வளவு என்பது தெரிந்த பிறகு, எங்கிருந்து என்பது. பிள்ளைக்குப் பிடித்துப்போகும் பகுதி இதுதான் என்று நினைக்கிறோம். அலுமினியமும் சிலிக்கனும் கூடினால் மண் தூசி, சோடியமும் குளோரினும் கூடினால் கடல் உப்பு, கரும் கார்பன் கூடினால் டீசல் அல்லது வேறு எரிப்பு. வைக்கோல், விறகுப் புகைக்குப் பொட்டாசியத்தைப் பார்ப்பார்கள். ஆனால் கடலோரத்தில் அவசரப்படக் கூடாது: கடல் உப்பிலும், சோடியத்தின் எடையில் 3.7 சதவீதமளவு, பொட்டாசியம் உண்டு. அதைக் கழித்துவிட்டுத்தான் புகையைப் பேச வேண்டும். செலுலோஸ் எரிந்தால் வரும் லெவோகுளுக்கோசானையும் அளந்தால் சந்தேகம் தீரும். வடிதாளை முதலிலேயே யோசித்து வாங்க வேண்டும். குவார்ட்ஸ் தாளில் பிடித்துவிட்டுப் பிறகு சிலிக்கனைத் தேட முடியாது, தாளே சிலிக்கா.

காற்றின் திசையும் சாட்சி. சிறுபோக வெட்டு நேரம் கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும்போது கல்முனையில் அளவு கூடினால் மேற்கே வயற்பக்கம் பார்க்கலாம். வடக்கிலிருந்து வரும் வாடையில் கூடினால் உள்ளூர் மட்டும் குற்றவாளி அல்ல. 2022 டிசம்பர் 9 அன்று நாடு முழுதும் அரச பாடசாலைகளை மூட வைத்த காற்று மாசில் வங்காள விரிகுடா தாண்டி வந்ததற்குப் பெரும் பங்கு.

சேர்க்கைக்கு முன்பு பிள்ளை இதைத் தாங்குவாளா என்று பார்க்க ஒரு வழி. காற்றுத் துகளை எண்ணும் மலிவான லேசர் உணரி ஒன்றை வாங்கி, அடுப்படிப் புகை படாத, மழை நனையாத இடத்தில், நிலத்திலிருந்து 2 மீற்றர் உயரத்தில் மூன்று மாதம் வைக்கட்டும். பக்கத்தில் ஈரப்பதமானியும் ஒரு கொப்பியும். அயலில் குப்பை எரித்த நேரம், காற்றின் பக்கம், மின்வெட்டு எல்லாம் நேரத்தோடு எழுத வேண்டும். ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும் விடியற்காலையில் உப்புத் துகள் நீரை உறிஞ்சி ஊதும். உணரி அதையும் மாசென்று கூட்டிக் காட்டும். அந்த உச்சத்தைப் பார்த்து “ஊரே நஞ்சு” என்று முகநூலில் போடுகிறவர்கள் உண்டு. கொப்பியைப் புரட்டி, “இது ஈரம், அது பக்கத்து வீட்டுக் குப்பை” என்று அவள் பிரித்துச் சொன்னால் தாராளமாக அனுப்புங்கள்.

வெளிவேலை பற்றிய உங்கள் பயத்துக்கு: கருவி பெரும்பாலும் அலுவலகக் கூரையில்தான் நிற்கும். தினமும் அதே நேரத்தில் ஏறித் தாள் மாற்ற வேண்டும், பொங்கல் என்றாலும் பெருநாள் என்றாலும். ஆலைப் புகைபோக்கியில் மாதிரி எடுக்கும் நாளில் மட்டும் உயரத்தில் நிற்க நேரும். அங்கே இருவராகவும் பாதுகாப்புப் பட்டியோடும்தான் ஏற வேண்டும். நேர்முகத்தில் அதை அவள் கூச்சப்படாமல் கேட்கட்டும்.