கைவினை என்று திருப்பி அனுப்பினால்

உங்கள் நெசவுப் படைப்புகளை 'இது கைவினை' என்று கலைக்கூடம் திருப்பி அனுப்பிவிட்டது, ஓவியத்துக்கே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இழைக் கலைஞர் ஷீலா ஹிக்ஸ் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்துவிட்டு நூலிழைக்கு வந்தவர். இந்தியச் சிற்பி மிருணாளினி முகர்ஜி சணல் கயிற்றை முடிச்சுப் போட்டே ஆளுயரச் சிற்பங்கள் செய்தார். அவர் இறந்தது 2015இல்; நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது 2019இல். (இந்தத் தாமதம் எரிச்சல்தான்.)

சரி, உங்கள் படைப்புகளை எடுத்து நீங்கள் போட்ட புகைப்படங்களுக்கு வருகிறேன். எல்லாம் தட்டையாக இருக்கின்றன, அளவே தெரியவில்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள், இழையின் மேடுபள்ளம் தெரியும். ஒன்றிலாவது பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள். அப்புறம், விலையை மணிக்கணக்கில் போடாதீர்கள், கூலியாகத்தான் பார்ப்பார்கள். எப்படி மாட்டுவது, வெயில் படாமல் எப்படி வைப்பது என்பதையும் எழுதி அனுப்புங்கள். வாங்குபவர்கள் தயங்குவது பெரும்பாலும் அங்கேதான்.