கணக்கை விட்டுட்டா டாக்டர் ஆக முடியாதா, டீச்சர்?

கேள்வி: டீச்சர், நான் காசிமேட்டுப் பொண்ணு. ஆறாம் வகுப்பிலிருந்து மாநகராட்சிப் பள்ளியில்தான் படிக்கிறேன், தமிழ் மீடியம். பத்தாவதில் 438. ப்ளஸ் ஒன் சேர்க்கும்போது மீன்பிடித் தடைக்காலம்கிறதால அப்பா வீட்ல இருந்தார். அவரே கூட வந்து கணக்கு-உயிரியல் குரூப்பில் சேர்த்துவிட்டார். முதல் இடைத்தேர்வில் ஐம்பதுக்கு உயிரியல் 44, வேதியியல் 38, இயற்பியல் 31, கணக்கு 11. தினம் ராத்திரி கணக்குக்கே ரெண்டு மணி நேரம் போகுது, ஒண்ணும் ஏறல. எனக்கு டாக்டர் ஆகணும். எங்க ஆயா மீன் வெட்டும்போது அருவாமனையில் விரல் நரம்பு அறுந்துபோச்சு. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில்தான் தச்சு, மறுபடி விரலை மடக்க வெச்சாங்க. அப்போ எனக்கு ஒன்பது வயசு. கணக்கு இல்லாம இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் இருக்கிற ப்யூர் சயின்ஸ் குரூப்புக்கு மாறணும்னா இந்த மாசத்துக்குள்ள சொல்லுன்னு ஹெச்.எம். சொல்றாங்க. அப்பா, “கணக்க உட்டுட்டா அப்புறம் இன்னா இருக்கு? டாக்டரும் கெடைக்கலன்னா இன்ஜினீயரிங்கும் போச்சு”ன்றார். நான் பயந்து ஓடறேனா டீச்சர்?

பதில்: கண்ணு, உன் கடிதம் வந்த அன்றைக்கே நீ எழுதியிருந்த எண்ணுக்குப் பேசிவிட்டேன். இதழ் அச்சாகி வருவதற்குள் உங்கள் ஹெச்.எம். சொன்ன கெடு முடிந்துவிடும். ஆனால் இதே தவிப்போடு தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 31 வருஷம் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தியவள் நான். ஒவ்வொரு ஆகஸ்டிலும் யாராவது ஒரு பிள்ளை ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்கும். அதனால் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மாறிக்கொள். என் முடிவு அதுதான்.

எம்.பி.பி.எஸ். சேர இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்துத் தேறியிருக்க வேண்டும், கணிதம் கேட்பதில்லை. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் தாவரவியலும் விலங்கியலும் மட்டுமே 360. நீ இன்றைக்கே நன்றாகச் செய்கிற பாடம் அது. அதற்குப் போக வேண்டிய இரண்டு மணி நேரத்தைக் கணக்கு தின்றுகொண்டிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. குரூப்பில் கணக்கு இருந்தால் அதிலும் தேறியே ஆக வேண்டும். 2009 மார்ச்சில் என் வகுப்பில் படித்த கொருக்குப்பேட்டைப் பையன் ஒருவன் ப்ளஸ் டூ எழுதினான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அப்போது நீட் கிடையாது, ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் மருத்துவ இடம். ப்ளஸ் ஒன் ஆடி மாதத்திலேயே அவன் என்னிடம் வந்து, கணக்கு வரவில்லை, மாறிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். “கஷ்டமா இருக்குன்னு ஓடக் கூடாதுப்பா” என்று திருப்பி அனுப்பினேன். உயிரியலில் மிக நன்றாக வாங்கினான், கணக்கில் தேறவில்லை. துணைத் தேர்வு எழுதித் தேறுவதற்குள் அந்த வருஷத்து வாய்ப்பு கைவிட்டுப் போனது. அடுத்த வருஷம் மருந்தாளுநர் படிப்பான டி.பார்ம் சேர்ந்தான், இப்போது நல்ல நிலையில் இருக்கிறான், வழியில் பார்த்தால் நின்று பேசுகிறான். ஆனாலும் அன்றைக்கு அவன் என்ன படித்தான், எதில் தடுக்கி விழுகிறான் என்று பார்க்காமலே பதில் சொல்லிவிட்டேன் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. உன் விடைத்தாள்களைப் படம் எடுத்து அனுப்பு என்று நான் பிடிவாதமாகக் கேட்டது அதனால்தான்.

கணக்குத் தாளில் சார்பகம், வீச்சகம் வந்த இடமெல்லாம் வெறும் கோடு. இயற்பியல் தாளைப் பார்த்தால் வேறு பெண் எழுதியதுபோல இருக்கிறது. எறிபொருள் கணக்கில் படம் போட்டு, சைன் 30 என்றால் 1/2 என்று சரியாக எழுதி, கடைசியில் 9.8-ஆல் வகுக்கும்போதுதான் தசமப் புள்ளியைத் தவற விட்டிருக்கிறாய். உனக்குச் சூத்திரம் புரிகிறது. கை இன்னும் பழகவில்லை. அதை வைத்துத்தான் ‘மாறிக்கொள்’ என்று தைரியமாகச் சொல்கிறேன். இயற்பியலிலும் நீ வெறும் கோடு போட்டிருந்தால், குரூப் மாறுவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருப்பேன்.

ஏனென்றால் கணக்குப் புத்தகத்தை விட்டாலும் கணக்கு உன்னை விடாது. நீட்டில் இயற்பியல் 45 கேள்வி, 180 மதிப்பெண். கால்குலேட்டர் அனுமதி இல்லை. தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் பிடித்துக்கொள்வார்கள். ‘இயற்பியலுக்காகவாவது கணக்கு குரூப்பில் இருக்கலாமே’ என்று உன் அண்ணன் சொன்னானாம். நம் ப்ளஸ் ஒன் கணக்கில் வெக்டர், வகையிடல், தொகையிடல் எல்லாம் இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. இயற்பியல் புத்தகத்திலோ இரண்டாவது அலகிலேயே வெக்டரும் வகையிடலும் தேவைப்பட்டுவிடும். அங்கேயே சொல்லியும் கொடுத்திருக்கிறார்கள். எந்த குரூப் பிள்ளையாக இருந்தாலும் அதை இயற்பியல் வகுப்பில்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆகவே தினம் 40 நிமிஷம் எனக்குக் கொடு. 0, 30, 45, 60, 90 பாகைகளுக்கு சைன், காஸ், டேன் மதிப்புகள். பத்தின் அடுக்குகளைப் பெருக்கி வகுப்பது. வெக்டரை இரண்டு கூறாகப் பிரிப்பது. வரைபடத்தின் சாய்வைப் பார்த்து வேகம் சொல்வது. எக்ஸின் அடுக்குகளை வகையிடுவது. வேதியியலில் பி.ஹெச். கணக்குக்கு லாக் 2 என்றால் 0.3010, லாக் 3 என்றால் 0.4771. எல்லாவற்றையும் பேனாவால், தாளில். கிராஃப் நோட்டு ஒன்று வாங்கிக்கொள்.

அப்பா சொல்வதை அலட்சியம் செய்யாதே, அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020-லும் பொறியியலுக்கு 2021-லும் வந்தது. மாநகராட்சிப் பள்ளிக்கும் அது உண்டு. கணக்கை விட்டால் அந்தப் பொறியியல் இடத்தை நீயே கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்கிறாய். அது சின்ன இழப்பு இல்லை. நான் போனில் மூன்று முறை கேட்டேன், இன்ஜினீயரிங் மேல் உனக்குக் கொஞ்சமாவது ஆசை இருக்கிறதா என்று. மூன்று முறையும் ஆயாவின் விரலைப் பற்றியே பேசினாய். ஆசை இருக்கிற பிள்ளைகள், இதைப் படித்துவிட்டு அவசரப்பட்டு மாறாதீர்கள்.

அப்பாவிடம் இதையும் சொல். மருத்துவத்துக்கான 7.5 சதவீதம் உன்னோடு அப்படியே இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நீட் கைகொடுக்காவிட்டாலும் ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கால்நடை மருத்துவம், நர்சிங் இருக்கின்றன. நம் பக்கத்துப் பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது, கடலையும் மீனையும் பற்றிய பட்டப்படிப்பு. அதை விசாரிக்க அவரையே ஒரு தடவை கூட்டிக்கொண்டு போ.

ப்யூர் சயின்ஸ் லேசு என்று நினைத்துப் போகாதே. இப்போது உயிரியல் எழுத்துத் தேர்வில் தாவரவியல் 35, விலங்கியல் 35. அங்கே ஒவ்வொன்றும் தனித்தாள், 70 மதிப்பெண். புத்தகமும் வேறு, பாடம் அதிகம். ஜூனிலிருந்து நடத்தியதை நீயே படித்துப் பிடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை ஹெச்.எம்.மைப் பார்க்கும்போது, பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் குரூப் மாற்றிப் பதிவு செய்தாகிவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொள். விட்டுப்போன பாடத்துக்கும் ரெக்கார்டுக்கும் யாருடைய நோட்டை வாங்கலாம் என்று தாவரவியல் டீச்சரிடம் கேள். அப்பா கரைக்கு வந்ததும் எனக்கு ஒரு போன் போடச் சொல். லாஞ்சு ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் பரவாயில்லை, எடுப்பேன்.